டி லூப்பில் ஒரு காலை: கிழக்கு டெக்சஸ் ஏரிக்கரையில் ஆர்.வி. பயணம்

ஏரிக்கரையில் குடும்பத்தோடு ஆர்.வி. என்கிற வீட்டு வண்டி எடுத்துப் போய்த் தங்க எப்படி இடம் பார்ப்பது என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அந்த வேலையை நான் ஒரே ஒரு முறைதான் செய்திருக்கிறேன். அதையும் தவறாகச் செய்தேன். ஆனாலும் நான் சொல்வது உதவக்கூடும் என்றுதான் எழுதுகிறேன்.

1999 மே மாதக் கடைசி, மெமோரியல் டே விடுமுறை. நாங்கள் அப்போது டாலஸுக்குப் பக்கத்தில் பிளானோவில் இருந்தோம். என் மனைவி வசந்திக்கு ஒய்-டூ-கே வேலை. பழைய கம்ப்யூட்டர் நிரல்களில் இரண்டு இலக்க வருடத்தை நான்கு இலக்கமாக்கும் வேலை அது. சனி ஞாயிறு கிடையாது. சென்னையில் ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருடம் நிருபராக இருந்த நான், மனைவியின் விசாவில் கூட வந்தவன், வேலை செய்ய அனுமதி இல்லாதவன். மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. வசந்தியோடு வேலை பார்த்த ஜாபர், அவன் மனைவி நஸ்ரீன், நான்கு வயது மகன் இர்ஃபான். ஆக மொத்தம் ஆறு பேர். மூன்று நாள் லீவு கிடைக்கிறது என்றதும், வண்டி, இடம், சாமான் எல்லா ஏற்பாடும் என் தலையில் விழுந்தது. வீட்டில் சும்மா இருப்பவன் நான்தானே.

இடம் தேர்ந்தெடுக்க எங்களிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருந்தது. அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த பிப்ரவரியில் ஜாபர் அப்பார்ட்மென்டில் கருவாடு வறுத்தான். ஸ்மோக் அலாரம் அலறி, தீயணைப்பு வண்டி வந்து, கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்க்கிங்கில் நின்றார்கள். அதற்குப் பிறகு யாராவது லிஃப்டில் மூக்கைச் சுருக்கினாலும் நஸ்ரீன் தலையைக் குனிந்துகொள்வாள். "அண்ணே, பக்கத்துல ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. நான் நிம்மதியா மீன் பொரிக்கணும்" என்றான் ஜாபர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மார்ச் கடைசியில் கேம்ப்கிரவுண்ட் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஏரியின் பெயரை இங்கே எழுதவில்லை. அணை கட்டித் தேக்கிய எந்த ஏரிக்கும் இந்தக் கதை பொருந்தும். அங்கே ஏ, பி, சி, டி என்று நான்கு லூப்கள். லூப் என்பது வட்டமாகச் சுற்றிவரும் ஒரு சிறு சாலை. அதன் ஓரம் வண்டி நிறுத்தும் இடங்கள். கரண்ட் உண்டா, தண்ணீர் இணைப்பு உண்டா, வெந்நீர்க் குளியலறை எத்தனை அடி தூரம், நாள் வாடகை என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். நாளுக்குப் பதினாறு டாலர். கடைசியாக, ஆளே இல்லாத லூப் எது என்று கேட்டேன். அந்தப் பெண் சற்றுத் தயங்கி, "டி லூப். வசந்த காலத்தில் அங்கே வழக்கமாக யாரையும் போடுவதில்லை. வேண்டுமென்றால் தருகிறேன்" என்றாள்.

வேண்டும் என்றேன். இருபத்திரண்டு வருடம் அமைச்சர்களிடமும் காவல்துறை அதிகாரிகளிடமும் 'ஏன்' என்று கேட்டுச் சம்பளம் வாங்கியவன், அன்று அதை மட்டும் கேட்கவில்லை.

வண்டி இருபத்தேழு அடி நீளம். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே. நாள் வாடகை தொண்ணூற்றைந்து டாலர், அதற்கு மேல் காப்பீடு பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை மதியம் 1:40-க்குக் கிளம்பினோம். 75-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, 635 பிடித்து, ஐ-20-ல் கிழக்கே. மொத்தம் 118 மைல். நெரிசலால் மூன்றேகால் மணி நேரம் ஆனது. ஜாபர்தான் ஓட்டினான். கடைசிப் பதினோரு மைல் குறுகலான கிராமச் சாலை, இரண்டு பக்கமும் பைன் மரங்கள். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு வாரமாக அங்கே மழை இல்லை.

ஏ லூப்பில் திருவிழாக் கூட்டம். சைக்கிள்கள், கொடிகள், கறி சுடும் புகை. அதைத் தாண்டி ஒன்றரை மைல் போனால் சாலை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. பள்ளத்தின் அடியில் ஓர் ஓடை, குழாய் வழியாகச் சாலைக்குக் கீழே ஓடுகிறது. ஏறியதும் டி லூப். பதினெட்டு இடங்கள், எல்லாம் காலி. மூன்றாம் எண் இடத்தில் நிறுத்தினோம். கரைக்கு எழுபது தப்படி.

முதலில் எல்லோருக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஏரிக்குள் நூற்றுக்கணக்கில் செத்த மரங்கள் நின்றபடியே இருந்தன. இலை இல்லை, பட்டை இல்லை, எலும்பு நிறம். அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட காடு அது. லூப்பின் ஓரத்தில் இன்னொரு பழைய சாலை நேராகப் போய்த் தண்ணீருக்குள் இறங்கியது. நடுவில் போட்டிருந்த மஞ்சள் கோடு தண்ணீருக்கடியில் பத்தடி வரை தெரிந்தது; அப்புறம் தெரியவில்லை.

"அப்பா, இந்த ரோடு எங்க போகுது?" என்றாள் நிலா.

"முன்னாடி அந்தப் பக்கம் ஒரு ஊர் இருந்திருக்கும்."

"இப்ப?"

"இப்பவும் அங்கதான் இருக்கும், கீழ." சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

நான் கவனித்து, கவனித்ததோடு விட்டுவிட்ட விஷயங்கள் சில உண்டு. மரக்கிளைகளில் என் தலைக்கு மேலே பிளாஸ்டிக் பைகளும் காய்ந்த புல்லும் சிக்கியிருந்தன. குப்பை போடுகிறவர்களைத் திட்டினேன். மாலை ஆறு மணிக்கு ஓர் ஆர்மடில்லோ, முதுகில் ஓடு போர்த்த அந்தச் சிறு விலங்கு, பகல் வெளிச்சத்திலேயே எங்கள் மேஜைக்கு அருகில் நடந்து போனது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது நிமிடத்தில் இன்னும் இரண்டு போயின. மூன்றும் ஏரிக்கு முதுகைக் காட்டி, ஒரே திசையில். எறும்புகள் மரத்தில் கயிறு கட்டியதுபோல் ஏறிக்கொண்டிருந்தன. குழந்தைகள் கைதட்டினார்கள். நானும் கேமராவை எடுத்தேன்.

ஜாபர் மீன் பொரித்தான். தாளிப்பு வாசனைக்கு முகம் சுளிக்க அங்கே யாரும் இல்லை. சாப்பிட்டுவிட்டு, வீட்டில் செய்வதுபோலவே செருப்புகளைப் படிக்குக் கீழே வரிசையாகக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தோம்.

காலை 7:10-க்கு இர்ஃபான் கதவைத் திறந்தான். "வாப்பா, த லேக் இஸ் ஹியர்."

"லேக் எங்கயும் போகாதுடா, படு" என்றான் ஜாபர் கண்ணைத் திறக்காமல்.

"நோ வாப்பா. ஹியர்."

எழுந்து பார்த்தேன். படியின் அடித்தட்டைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. மழை பெய்யவில்லை, காற்று இல்லை, அலை இல்லை. வானம் முந்தைய நாளைப் போலவே நீலமாக இருந்தது. இரவு நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட மேஜை தண்ணீரில் நின்றது. பெரிய குப்பைத் தொட்டி ஒன்று செங்குத்தாக மிதந்தபடி, யாரோ திருகுவதுபோல் மெதுவாகச் சுழன்றது. பறவைச் சத்தமே இல்லை. செருப்புகளையும் காணோம்.

"ராக்கூன் தூக்கிட்டுப் போயிருக்கும். புது செருப்பு" என்றாள் வசந்தி. அவள் இன்னும் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

வண்டியை உடனே லூப்பின் மிக உயரமான மூலைக்கு, கழிப்பறைக் கட்டடத்தின் அருகே, நகர்த்தினோம். எண்பது கெஜம் இருக்கும். அதற்கப்புறம் நானும் ஜாபரும் சாலையைப் பார்க்கப் போனோம், வெறுங்காலோடு. பள்ளத்தில் தண்ணீர் நின்றது. நாற்பதடி அகலம் இருக்கும். அந்தப் பக்கம் சாலை மறுபடி காய்ந்து, வெயிலில் பளபளத்து மேலே ஏறிப் போனது. பார்த்தால் ஏதோ மழைக்குத் தேங்கிய குட்டைபோல் இருந்தது. ஒரு குச்சியை விளிம்பிலிருந்து ஆறடி தள்ளி ஊன்றிப் பார்த்தேன். பதினோரு அங்குலம். நேரம் 7:50.

தண்ணீரின் மேல் செம்பழுப்பு நிறத்தில் ஒரு தட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, எங்களை நோக்கி மிதந்து வந்தது. குனிந்து பார்த்தேன். எறும்புகள். ஒன்றை ஒன்று கவ்விப் பிடித்து, உயிருள்ள ஒரு தோணியாக மிதந்து வந்துகொண்டிருந்தன. என் குச்சியைத் தொட்டதும் தட்டு கலைந்து, குச்சி வழியாக என் கைக்கு ஏற ஆரம்பித்தது. குச்சியை எறிந்துவிட்டேன். அடுத்து இன்னும் நான்கு தட்டுகள் வந்துகொண்டிருந்தன.

திரும்பி வந்தபோது அந்த மேட்டில் நாங்கள் மட்டும் இல்லை. கழிப்பறைச் சுவரோரம் மூன்று ஆர்மடில்லோ. ஒரு பெண் மான் இருபதடியில் நின்றது. சுவருக்கும் தரைக்கும் நடுவே பாம்புகள், நான் எண்ணியவரை ஐந்து. எதுவும் எதையும் தொந்தரவு செய்யவில்லை. எல்லாம் தண்ணீர் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. குழந்தைகளை வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினோம்.

ஜாபரின் செல்போனில் சிக்னல் இல்லை. நான் தண்ணீர் விளிம்பில் நின்ற ஒரு மரக்கம்பத்தில் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டேன். 8:05-க்கு ஒரு கோடு. 8:35-க்கு ஒரு கோடு. அரை மணியில் ஒரு அங்குலம்.

"கணக்கு சிம்பிள்ண்ணே" என்றான் ஜாபர். "இப்ப ஒரு அடி. மத்தியானம் ஒன்றரை அடி ஆயிடும். இப்ப போனாத்தான் போக முடியும். இது பதினோராயிரம் பவுண்ட் வண்டி. நாப்பதடி. பத்து செகண்ட்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. வெள்ளத்தில் பேருந்து போன செய்திகளை நான் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பிழைத்தவர் யாராவது, "ஒரு அடித் தண்ணிதான்னு நெனச்சோம்" என்று சொல்லியிருப்பார். அது நினைவுக்கு வந்தது. வந்தும் நான் வாய் திறக்கவில்லை. முடிவெடுப்பவன் வேறொருவன் என்றால் அவன் பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பது எனக்குப் பழகிவிட்டது.

நஸ்ரீன் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போனாள். சாவியை உருவினாள். துப்பட்டா நுனியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ன பண்றே?" என்றான் ஜாபர்.

"வண்டி போவாது."

"நஸ்ரீன், வெளையாடாதே. வெயிட் பண்ணா மாட்டிக்குவோம்."

"மாட்டிக்குவோம். மாட்டிக்கிட்டா மேல உக்காந்திருப்போம். கூரைக்கு ஏணி இருக்கு."

"ஒரு அடி தண்ணிடி!"

"தண்ணி ஒரு அடின்னு பாத்தீங்க. தண்ணிக்குக் கீழ ரோடு இருக்குன்னு பாத்தீங்களா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். "ஆத்தோர ஊர்ல பொறந்தவ நான். எங்க மாமுவும் ஒரு அடி தண்ணின்னுதான் ஸ்கூட்டரை எறக்குனாங்க."

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வசந்தி, "என்னங்க, நடுவுல வரைக்கும் போய் ரோட்டைத் தொட்டுப் பாத்தீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். விவாதம் அதோடு முடிந்தது. ஜாபர் படியில் உட்கார்ந்து பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கோடு போடும்போதும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பான். நான் அங்குலத்தைச் சொல்வேன். போக முடிந்த நேரம் கைவிட்டுப் போவதை நானே அவனுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். 9:40-க்குப் பிறகு அவன் நிமிரவில்லை.

10:25-க்கு மோட்டார் சத்தம் கேட்டது. செத்த மரங்களுக்கு நடுவே ஓர் அலுமினியப் படகு. காக்கிச் சட்டை ரேஞ்சர் ஒருவர். கரையில் இறங்கியதும் அவர் நலம் விசாரிக்கவில்லை. "மொத்தம் எத்தனை பேர்?" என்றார். ஆறு என்றேன். வண்டிக்குள் போய், ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார். இர்ஃபானின் தலையில் கை வைத்து நான்கு என்றார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகுதான் ரேடியோவை எடுத்து, "ஆறு. ஆறு பேரும் இருக்கிறார்கள்" என்றார். மறுமுனையில் ஒரு பெண் உரக்க அழுவது எங்களுக்கே கேட்டது.

இரண்டு நடையில் எங்களை ஏ லூப்புக்குக் கொண்டுபோனார். அங்கே லொரேன் என்ற அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி, முகாமைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர், கரையிலேயே நின்றார். படகு கரை தட்டுவதற்குள் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி இர்ஃபானைத் தூக்கிக்கொண்டார். அவர் மேஜையில் ஒரு துண்டு விரித்திருந்தது. அதன்மேல் எங்கள் செருப்புகள். ஏழு கிடைத்திருந்தன. ஜோடி சேர்ந்ததைச் சேர்த்து வைத்திருந்தார். இர்ஃபானின் நீலச் செருப்பை மட்டும் தனியாக, இன்னொரு துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

எட்டு மணிக்குக் காப்பியோடு கரைக்கு வந்தவர், அவை ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வருவதைப் பார்த்திருக்கிறார். டி லூப்பில் ஆள் இருப்பதே அங்கே யாருக்கும் நினைவில்லை. வழக்கமாகக் காலியாக இருக்கும் இடம், அலுவலகத்தில் காகிதம் மட்டும் இருந்திருக்கிறது. "குளிக்கப் போகும் ஒரு குடும்பம்தான் இப்படி மொத்தமாகச் செருப்பைக் கழற்றும் என்று நினைத்தேன்" என்றார் லொரேன். வீட்டுக்குள் செருப்பு போட மாட்டோம், வண்டியும் எங்களுக்கு வீடுதான் என்று வசந்தி விளக்கினாள். அவர் தலையை ஆட்டினார். புரிந்ததா தெரியவில்லை. இர்ஃபானை இறக்கி விடாமல் வைத்திருந்தார். தேடுதல் குழுவுக்கு ஆள் வந்துகொண்டிருந்தது. அவர்களுக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

மழை பெய்தது ஆற்றின் மேற்பகுதியில், நூறு மைல் தள்ளி, இரண்டு நாள் முன்னால் என்று ரேஞ்சர் சொன்னார். அந்தத் தண்ணீர் ஆற்றில் நடந்து வந்து சேர இவ்வளவு நேரம் ஆகும். இங்கே இருப்பவர்களுக்கு அதற்கு எந்த அடையாளமும் தெரியாது. ஏரி மொத்தம் ஒன்பது அடி ஏறி, செவ்வாய்க்கிழமை நின்றது. அன்று மாலையே வசந்தியின் அலுவலக நண்பர் ஒருவர் பிளானோவிலிருந்து வேன் கொண்டுவந்து எங்களை அழைத்துப் போனார்.

இனி, கேட்டவர்களுக்கான பதில். இயற்கையான ஏரியா, அணையால் தேங்கியதா என்று முதலில் பாருங்கள். டெக்சஸில் ஏறக்குறைய எல்லாமே இரண்டாம் வகை. ஏரியின் வழக்கமான நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி, உங்கள் இடம் எத்தனை அடி என்று இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள். வித்தியாசம் பத்தடிக்குக் குறைவு என்றால் வேறு இடம் பாருங்கள். ஒரு லூப்புக்கு ஒரே வழிதானா, அந்த வழி எங்காவது பள்ளத்தில் இறங்குகிறதா என்று போனவுடன் நடந்து பாருங்கள். கிளைகளில் காய்ந்த புல் எந்த உயரத்தில் தொங்குகிறதோ, அந்த உயரம்வரை தண்ணீர் வந்திருக்கிறது. காப்பீட்டைத் தவிர்க்காதீர்கள், எங்கள் வண்டிக்குள் இரண்டு அடி சேறு புகுந்தது, அந்தப் பன்னிரண்டு டாலர்தான் எங்களைக் காப்பாற்றியது. சமையல் வாசனைக்காகத் தனியிடம் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அன்று மதியம் ஏ லூப்பில் லொரேனின் அடுப்பில் மிச்ச மசாலாவைப் போட்டு நஸ்ரீன் சமைத்தாள். பக்கத்து வண்டிக்காரர்கள் மூன்று பேர் தட்டோடு வந்தார்கள்.

வண்டியில் விட்ட பாஸ்போர்ட்டையும் சாமான்களையும் எடுக்க, தண்ணீர் வடிந்ததும் பதினோராம் நாள் நானும் ஜாபரும் காரில் போனோம். ரேஞ்சர் பள்ளத்துக்கு இந்தப் பக்கமே எங்களை நிறுத்தச் சொன்னார். இறங்கி நடந்தோம். சாலை பள்ளத்துக்குள் இறங்கியது. நடுவில் இல்லை.

பதினான்கு அடி நீளத்துக்குத் தார் இல்லை, மண் இல்லை. ஓடைக்குப் போட்டிருந்த குழாய் துருப்பிடித்து நசுங்கி, ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. குழியில் தேங்கிய தண்ணீரில் ரேஞ்சர் தன் தடியை விட்டுக் காட்டினார். ஏழு அடி. உள்ளே சிறு மீன்கள் ஓடின. அந்தப் பக்க விளிம்பில் சாலை மறுபடி தொடங்கி, ஒன்றும் நடக்காததுபோல் ஏறிப் போனது.

"இது எப்போது போயிருக்கும்?" என்று கேட்டேன்.

"வெள்ளி இரவே போயிருக்கலாம். தண்ணீர் வடியும்போது போயிருக்கலாம். கண்டுபிடிக்க வழியில்லை" என்றார்.

ஜாபர் விளிம்பில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். கிளம்பும்போது கார்ச் சாவியை என்னிடம் நீட்டினான். ஐ-20 வந்ததும், "அண்ணே, நஸ்ரீன் கேட்டா ரோடு இருந்துச்சுன்னு சொல்லிருவோம். நீங்களும் அப்படியே சொல்லுங்க" என்றான். சரி என்றேன். டைலர் ஊரைத் தாண்டியதும் அவனாகவே, "அவ கேக்கவே மாட்டாண்ணே" என்றான். டாலஸ் கட்டடங்கள் தெரிய ஆரம்பித்தபோது, "எப்ப விழுந்துச்சுன்னுதான் யாருக்கும் தெரியாதே" என்றான்.

வீட்டு வாசலில் நஸ்ரீன் நின்றாள். இடுப்பில் இர்ஃபான். உள்ளே வரச் சொல்லவில்லை.

"ரோடு இருந்துச்சா?"

ஜாபர் என்னைப் பார்த்தான். பிறகு மகனைப் பார்த்தான்.

"இல்ல" என்றான்.

அவள் இர்ஃபானை ஜாபரின் கையில் கொடுத்தாள்.

"சோறு ஆறுது. கை கழுவிட்டு வாங்க ரெண்டு பேரும்."